பேரேட்டில் எழுதாத கடன்

‘கடன்’ என்னும் தமிழ்ச்சொல் இரு பொருள் உடையது. பிறரிடம் பெற்றதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பும் கடன். மனிதனாய்ப் பிறந்தவன் ஆற்றவேண்டிய கடமையும் கடன். வட்டிக் கடைக்காரரும் புலவரும் ஒரே சொல்லை ஆள்கின்றனர். ஊர் விட்டு ஊர் வந்து, கடை வைத்து, மனைவி மக்களைக் காத்து வாழ்ந்த வணிகர் ஒருவரின் வாழ்க்கையை எண்ணும்போது இவ்விரு பொருளும் பின்னிக் கிடப்பதைக் காண்கிறோம். அவர் யாரிடம் எதனைப் பெற்றார்? யாருக்கு எதனைச் செய்யக் கடமைப்பட்டார்? மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் இவ்வினாவை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள். நம்மில் பலர் வீட்டுச் சுவரில் மாலையிட்ட படமாக விளங்குபவர் அத்தகைய வணிகர் ஒருவரே அன்றோ?

இவ்வினாவிற்கு வழக்கமான விடை ஒன்று உண்டு. “எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்” என்பது அவ்விடை. விடியுமுன் கடை திறந்து, இரவு கல்லாப்பெட்டியை எண்ணி முடித்து, உறங்கும் குழந்தையின் முகத்தை மட்டுமே பார்த்து வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். தமக்கென்று நல்ல வேட்டி ஒன்று வாங்கவும் தயங்கியவர்கள், மகளுக்கு நகையும் மகனுக்குக் கல்லூரிக் கட்டணமும் சேர்த்து வைத்தனர். ஆகவே அவ்விடை பொய்யன்று. ஆனால் அது முழுமையான விடையா? ‘குடும்பத்திற்காக உழைத்தேன்’ என்று சொல்லிவிட்டால், ஒருவர் பட்ட கடன்கள் எல்லாம் தீர்ந்துவிடுமா? இதுவே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

வந்தவர் கொண்டுவந்த முதல்

வணிகர் நாடு கடந்து செல்வது நம் நிலத்திற்குப் புதிதன்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர் கன்னட நாட்டின் ஐகொளெ என்னும் ஊரைத் தம் தாயகமாகப் போற்றியவர். அவர்கள் கன்னடத்திலும் கல்வெட்டுப் பொறித்தனர், தமிழிலும் பொறித்தனர். கடல் கடந்த சுமத்திராத் தீவில், பரோஸ் என்னும் ஊரை அடுத்துக் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இக்குழுவினருடையது. அது தமிழில் அமைந்தது. கன்னட நாட்டில் வேர்கொண்ட குழு ஒன்று தமிழில் எழுதிய கல், மலாய் மொழி வழங்கும் கரையில் நின்றது. வணிகத்தின் வழியில் மொழிகளின் எல்லை எத்துணை மெல்லியதாய் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மைசூரைச் சுற்றியுள்ள நிலமும் தமிழுக்கு அயலன்று. காவிரிக் கரையிலுள்ள தலைக்காடு பதினோராம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியில் இருந்தது; அவ்வட்டாரத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கொள்ளேகாலம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது அஃது அன்றைய மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. அங்கிருந்த தமிழர் ஓர் அடியும் பெயரவில்லை, எல்லைக்கோடுதான் பெயர்ந்தது.

ஆயினும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை உண்மையாகவே பெயர்ந்து வந்தவை. 1880-களின் தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து மைசூருக்கு இருப்புப்பாதை வந்தது. 1897-இல் பழைய அரண்மனை தீக்கிரையானது. ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி புதிய அரண்மனை 1912-இல் நிறைவெய்தியது. 1911-இல் கண்ணம்பாடியில் அணைக்கட்டு வேலை தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடைபெற்றது. 1912-இல் அரசுப் பட்டு நெசவாலை எழுந்தது. பின்னர்ச் சந்தன எண்ணெய் ஆலையும் வந்தது. வேலை நடக்கும் இடத்திற்குக் கூலியாட்கள் வருவர். அவர்களுக்கு அரிசியும் பருப்பும் துணியும் விற்க வணிகர் வருவர். திம்பம் மலைப்பாதை வழியாகச் சிலரும், பெங்களூர் வழியாகச் சிலரும் வந்தனர்.

கோலார் தங்கவயலுக்குச் சென்ற தமிழர் பெருங்கூட்டமாய்ச் சென்றனர். சுரங்கம் அவர்களுக்கு வரிசை வரிசையாய்க் குடியிருப்புத் தந்தது. 2001-இல் அச்சுரங்கம் மூடப்படும் வரை அங்கே ஒரு தமிழ் ஊரே வாழ்ந்தது. மைசூருக்கு வந்த வணிகரோ தனித்தனியாய் வந்தார். அவருக்காகக் காத்திருந்த குடியிருப்பு எதுவும் இல்லை. சொந்த ஊரில் தந்தையின் பெயரும், பாட்டனார் வெட்டிய கிணறும், உறவினர் வீட்டு வாசலும் அவருக்குப் பிணை நின்றன. இங்கே அவருக்குப் பிணை நிற்பார் எவருமிலர்.

அப்படியிருந்தும் யாரோ ஒருவர் அவருக்கு வீடு கொடுத்தார். மாத வாடகையை மாத முடிவில் தந்தால் போதும் என்றார். சந்தேப்பேட்டை மண்டிக்காரர் ஒருவர், விற்றபின் பணம் கொடு என்று இரண்டு மூட்டைச் சரக்கை இறக்கிவிட்டார். கன்னடம் தடுமாறிய நாவினை நகையாடாமல், தேவராஜா மார்க்கெட்டில் பூ விற்ற அம்மையார் சொல் சொல்லாய்த் திருத்தினார். பத்துக் கடைகள் இருக்கும் தெருவில், புதிதாய்த் திறந்த பதினோராம் கடைக்குள் முதன்முதலாய் ஓர் இல்லத்தரசி நுழைந்து அரைச்சேர் பருப்பு வாங்கினார். அவர் நிறுவையைச் சரிபார்க்கவில்லை, நம்பினார். கன்னடத்தில் நம்பிக்கையை ‘நம்பிகெ’ என்பர். கடையை ‘அங்கடி’ என்பர். நம் ‘அங்காடி’ அதுவே. சொல் வேறுபடாத இடத்தில் பொருளும் வேறுபடவில்லை போலும்.

வணிகர் ஊரிலிருந்து கொண்டுவந்த முதல் சிறிது; இவ்வூரில் முன்பின் அறியாதவர் தந்த நம்பிக்கையே பெருமுதல். முன்னதைப் பேரேட்டின் முதற்பக்கத்தில் மஞ்சள் தடவி எழுதினார். பின்னதை எழுத அங்கே ஒரு பத்தி இல்லை. மண்டிக்காரரின் மூட்டைக்கு உரிய விலையை அவர் தவறாது கொடுத்துவிட்டார் என்பது உண்மை. ஆனால், அறியாதவனை நம்பிய அந்தத் துணிவிற்கு விலை ஏது?

மைசூரின் புகழ்மிக்க வணிகங்களில் ஒன்று இவ்வாறு வந்தவர் தொடங்கியதே. மதுரையைச் சேர்ந்த என். ரங்கராவ், இளமையிலேயே தந்தையை இழந்து வறுமையை அறிந்தவர். அவர் 1948-இல் மைசூரில் ஊதுவத்தித் தொழிலைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது வீட்டளவில் நடந்த தொழில். அவருடைய ஊதுவத்திக்கு ‘சைக்கிள்’ என்பது பெயர். எழுத்தறியாதவரும், எம்மொழியினரும், உறையிலுள்ள படத்தைக் கண்டே கேட்டு வாங்கக்கூடிய பெயர் அது. பல மொழியினர் நடுவே பிழைக்க வந்தவரின் நுண்ணறிவு அப்பெயரில் புலப்படுகிறது. நிறுவனத்தின் பெயரோ ‘என். ரங்கராவ் அண்ட் சன்ஸ்’. இன்று மூன்றாம் தலைமுறையினர் அதனை நடத்துகின்றனர். ‘மைசூர் அகர்பத்தி’ இப்போது புவிசார் குறியீடு பெற்ற பொருள். வந்தவர் கையாண்ட தொழில் ஊரின் அடையாளமாயிற்று; ஊரின் பெயர் அவருடைய சரக்கிற்கு மதிப்பாயிற்று. யார் யாருக்குக் கொடுத்தார், யார் யாரிடம் பெற்றார் என்று பிரித்துக் கணக்கிட முடியுமோ?

அடைக்கலம்

புது ஊருக்கு வந்த வணிகரின் நிலையை நம் இலக்கியம் நன்கு அறியும். சிலப்பதிகாரத்தை நாம் கற்பின் காப்பியம் என்றும், ஊழின் காப்பியம் என்றும் போற்றுகிறோம். அது புலம்பெயர்ந்த வணிகன் ஒருவனின் கதையும் ஆகும். பொருளை இழந்த கோவலன், மனைவியின் சிலம்பையே முதலாகக் கொண்டு வணிகம் தொடங்க மதுரைக்கு வருகிறான். புகாரில் மாசாத்துவான் மகன் என்றால் அறியாதார் இல்லை. மதுரைத் தெருவில் அவன் யாரோ ஒருவன்.

கவுந்தியடிகள் இந்நிலையை உணர்ந்தவர். கோவலனுடைய தந்தை இன்னார் என்று தெரிந்தால் மதுரை வணிகர் அவனை விருந்தாக எதிர்கொள்வர்; அதுவரை இவர்களைக் காத்தருள்க என்னும் கருத்துப்பட, மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் இருவரையும் அடைக்கலம் தருகிறார். மாதரி ஏற்கிறாள். வீடு தருகிறாள், கண்ணகி சமைக்கப் பண்டங்கள் தருகிறாள், தன் மகள் ஐயையைத் துணை வைக்கிறாள். தந்தையின் பெயர் மதுரைக்குத் தெரியுமுன்பே கோவலன் சிலம்பை விற்கச் செல்கிறான். பொற்கொல்லன் ஒருவன் சொல்லே போதுமானதாயிற்று. ‘இவனை நான் அறிவேன்’ என்று சொல்ல அத்தெருவில் ஒருவரும் இல்லை.

இக்கதையில் அரசன் செய்த பிழையைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். மாதரியைப் பற்றி நாம் போதிய அளவு எண்ணவில்லை. அவள் முன்பின் அறியாதவரை ஏற்றவள். அதனால் அவளுக்கு வந்த ஆதாயம் எதுவுமில்லை. கோவலன் கொலையுண்டதை அறிந்ததும், அடைக்கலத்தைக் காக்கத் தவறினோம் என்று நெருப்பில் புகுந்தாள். அவ்வளவு பெரிய விலையை எவரும் எவரிடமும் எதிர்பார்த்தல் கூடாது. ஆனால் அவள் ஏற்ற பொறுப்பின் தன்மையை நாம் நோக்கவேண்டும். நம் முன்னோர் பிழைத்ததும் கோவலன் பிழையாததும் திறமையால் வந்த வேறுபாடு அன்று. கோவலனுக்கு மாதரி ஒருத்தியே கிடைத்தாள்; நம் முன்னோருக்குத் தெருவுக்கு ஒரு மாதரி கிடைத்தாள்.

குடும்பம் என்னும் எல்லை

இப்போது ‘பிள்ளைகளுக்காக’ என்னும் விடைக்கு வருவோம். குடும்பத்தைக் காப்பது அறம் அன்று என்று சொல்லும் நெறி தமிழில் இல்லை. துறவியைவிட இல்லறத்தானை உயர்த்திப் பேசும் மரபு நம்முடையது. ஆயினும் வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளை எண்ணிச் சொல்லும் வரிசை நம் சிந்தனைக்குரியது. நீத்த முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்று ஐந்தினை அவர் அடுக்குகிறார். அவ்வரிசையில் தான் கடைசி. சுற்றம் அதற்கு முன். சுற்றத்திற்கும் முன்னே நிற்பது விருந்து.

விருந்து என்றால் இன்று நாம் இலை போட்டு உறவினரை உண்பிப்பதைக் கருதுகிறோம். அச்சொல்லின் பழம்பொருள் புதுமை. புதிய முறையில் புனையும் செய்யுளைத் தொல்காப்பியம் ‘விருந்து’ என்றே பெயரிடுகிறது. ஆகவே விருந்தினர் என்பார் புதிதாய் வந்தவர். முன் அறிமுகம் இல்லாதவர். ஊருக்குப் புதியவரை உறவினருக்கு முன்வைத்து எண்ணிய ஒரு நெறி, ‘குடும்பத்திற்காக’ என்னும் ஒரே சொல்லால் எல்லாக் கடனையும் தீர்த்துவிட முயல்பவரை ஏற்குமா? வீட்டின் எல்லையோடு அறம் நின்றுவிடுமாயின், புதிதாய் வந்த நம் முன்னோருக்கு இவ்வூர் வீடுகளின் கதவு திறந்திராது.

இன்னொன்றும் கருதத்தக்கது. குடும்பத்திற்குக் கொடுத்தவர் வணிகர் என்கிறோம். குடும்பம் அவருக்குக் கொடுத்ததை மறந்துவிடுகிறோம். அவர் சரக்கெடுக்கச் சென்ற நாட்களில் கடையில் அமர்ந்தவர் யார்? மிளகாய் காயவைத்தும், பொட்டலம் மடித்தும், கடன் கேட்டு வந்தவர் பெயரை மனத்தில் குறித்துவைத்தும் இருந்தவர் யார்? ஊதுவத்தித் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மைசூரிலும் பெங்களூரிலும் நெடுங்காலம் அத்தொழில் வீட்டு முற்றங்களில் பெண்களின் கையால் நடந்தது. கரித்தூளும் பசைப்பொடியும் பிசைந்த மாவை மூங்கில் குச்சியில் உருட்டினர். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றனர். மணம் எல்லார் வீட்டிற்கும் போயிற்று. கரி அவர்கள் உள்ளங்கையில் நின்றது. கடைப்பலகையில் ‘அண்ட் சன்ஸ்’ என்று எழுதிய வணிகர் நாட்டில் பலர்; மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் எழுதியவர் மிகச் சிலர். குடும்பம் வணிகரிடம் கடன்பட்டது என்பது பாதிக் கணக்கு. வணிகர் குடும்பத்திடம் கடன்பட்டார் என்பது மறு பாதி.

மைசூரில் நெடுங்காலம் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்த தமிழர். தந்தையார் இங்குத் தலைமையாசிரியராக இருந்ததால் இவ்வூரைத் தம் ஊராகக் கொண்டவர். யாதவகிரியில் அவர் கட்டி வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக விளங்குகிறது. 1967-இல் வெளிவந்த அவருடைய ‘தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்’ என்னும் நாவலின் தலைவர் ஜெகன் ஓர் இனிப்புக் கடைக்காரர், மனைவியை இழந்தவர், ஒரே மகனுக்குத் தந்தை. காந்தியடிகளைப் போற்றுபவர், கைராட்டையில் நூல் நூற்பவர். ஆயினும் கடை நேரத்திற்குப் பின் வரும் விற்பனைப் பணத்தைக் கணக்கில் சேராத தனிப்பணமாக எடுத்து வைக்கிறார். அவருடைய எண்ணமெல்லாம் மகனைப் பற்றியதே. அம்மகனோடு மனம்விட்டுப் பேச மட்டும் அவரால் இயலவில்லை. மகன் அமெரிக்கா சென்று திரும்பியபோது இருவருக்கும் பொதுமொழி இல்லாமற் போகிறது.

அந்நாவலை நகைச்சுவையாக வாசிக்கலாம். நம்மைப்போன்ற குடும்பத்தார் அதனை எச்சரிக்கையாகவும் வாசிக்கவேண்டும். ஜெகன் மகனுக்கு எல்லாம் கொடுத்தார். தாம் எவ்வாறு வாழ்ந்தார், எவரால் வாழ்ந்தார் என்பதைக் கொடுக்கவில்லை. எழுதாத வரவை மறைத்து வைக்கத் தெரிந்த நாம், எழுதாத கடனை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடலாமா? வீட்டையும் வைப்புத்தொகையையும் பெறும் மகன், தந்தைக்கு முதன்முதலாய்ச் சரக்குத் தந்தவர் பெயரை அறியாதவனாயின், சொத்தில் பாதியையே பெற்றவனாவான்.

கணக்கு சரியாயினும்

பேரேட்டின் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தும் ஒரு வணிக சமூகம் தான் வாழ்ந்த நாட்டில் அயலாகவே நின்றதுண்டு. பர்மாவில் நகரத்தார் பட்ட துன்பம் நாம் அறிந்ததே. அவர்கள் நேர்மைக்குப் பெயர்பெற்றவர்கள். ஐந்தொகை எழுதுவதில் அவர்களை விஞ்சியோர் இலர். கீழ்ப்பர்மாவின் நெல்வயல்கள் விரிந்ததற்கு அவர்கள் தந்த கடனே பெருந்துணையாயிற்று. 1930-ஐ ஒட்டி உலகெங்கும் விலைகள் சரிந்தன. நெல் விலையும் விழுந்தது. உழவர் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நகரத்தாரிடம் இருந்தது. 1938-இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று.

அவர்கள் நிலத்தை விரும்பிச் சேர்த்தவர் அல்லர். பணமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. சட்டப்படி அவர்கள் பக்கம் பிழையில்லை. ஆனால் நிலத்தை இழந்த உழவனுக்குச் சட்டம் ஆறுதல் தரவில்லை. ஒவ்வொரு கணக்கும் தனித்தனியே சரியாயிருந்தது. எல்லாக் கணக்கும் சேர்ந்து ஓர் ஆறாப் புண்ணாயிற்று. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது இந்தியர் பலர் கால்நடையாக வந்தனர். 1962-இல் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த ஆண்டுகளில் கடைகளையும் வங்கிகளையும் அரசுடைமையாக்கினர். இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். சென்னையின் பர்மா பஜார் அந்தக் காலத்தின் நினைவுச்சின்னம்.

இதனால் அவர்களுக்கு நேர்ந்தது தகும் என்று சொல்லிவிடல் கொடுமை. உரிமையைப் பறித்தவர் செய்தது அநீதியே. ஆயினும் அவ்வரலாறு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தல், கொடுத்ததைத் திருப்பி வாங்கல் ஆகிய இரண்டினால் மட்டும் வணிகர் ஓர் ஊரின் மகனாகிவிட முடியாது. ஈட்டிய இடத்திலும் வேர் வேண்டும். அவ்வூர்க் குழந்தை படிக்கும் பள்ளியிலும், அவ்வூர் நோயாளி கிடக்கும் மருத்துவமனையிலும், அவ்வூர் மக்கள் பேசும் மொழியிலும் அவருக்குப் பங்கு வேண்டும்.

ஊர் சினந்த நாட்கள்

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்பு. “ஊருக்குக் கடன்பட்டோம் என்கிறீர்கள். அந்த ஊரே நம்மை அடித்த நாட்களும் உண்டே? அப்போதே கடன் தீர்ந்துவிடவில்லையா?” என்று கேட்பார் உளர்.

1991 ஜூன் மாதம் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால ஆணை வழங்கியது. அவ்வாணை டிசம்பரில் அரசிதழில் வெளிவந்ததும் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர் தாக்கப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டிற்கு ஓடினர். 2016 செப்டம்பரில் பெங்களூரில் மீண்டும் வண்டிகள் எரிந்தன. இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த சரக்கு ஒரு மாலையில் சாம்பலானதைக் கண்ட வணிகரிடம் சென்று, நீர் ஊருக்குக் கடன்பட்டவர் என்று அறிவுரை கூற நமக்கு உரிமையில்லை. அவருடைய வழக்கில் கடன்பட்டது ஊரே.

ஆனால் ‘ஊர்’ என்பது ஒரே ஆள் அன்று. கடையை எரித்தவரும் ஊரில் இருந்தனர். அன்றிரவு தமிழ்க் குடும்பத்தைத் தம் வீட்டில் மறைத்து, வாசலில் தாம் நின்ற அண்டை வீட்டாரும் இருந்தனர். முன்னவர் செய்த தீமை பின்னவர் செய்த நன்மையை அழித்துவிடாது. மண்டிக்காரர் தந்த மூட்டைக்கு உரிய கடனை வேறு எவனோ வைத்த தீ தீர்த்துவிடுமா? கடன் ஆளைப் பொறுத்தது, கொடுத்தவரைப் பொறுத்தது. தீமை செய்தவர் மேல் வழக்குத் தொடுப்போம், இழப்பீடு கேட்போம், அவையும் அறமே. அதனைக் காட்டி நன்மை செய்தவரின் கணக்கை மூடிவிடல் அறமாகாது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள், நெடுங்காலம் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை பெங்களூரில் திறக்கப்பட்டது. 13-ஆம் நாள் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் இடைவெளியில் இரு நகரங்கள் செய்துகொண்ட இந்தக் கொடுக்கல் வாங்கல், பகையும் நட்பும் ஒரே நிலத்தில் விளைவன என்பதை நினைவூட்டுகிறது.

அடுத்து வருபவர்

இனி இறுதி வினா. கடன் உண்டு என்றே கொள்வோம். அதனை யாரிடம் அடைப்பது? வீடு தந்தவர் மறைந்தார். மண்டிக்காரரின் பேரர்கள் வேறு தொழில் பார்க்கின்றனர். அரைச்சேர் பருப்பு வாங்கிய அம்மையாரின் பெயரே தெரியாது. கொடுத்தவரைக் காண இயலாத கடனை எவ்வாறு தீர்ப்பது?

மைசூரின் தெருக்களை நோக்கினால் விடை கிடைக்கும். இன்று நம் கடைகளில் மூட்டை தூக்குபவரும், உணவுவிடுதிகளில் மேசை துடைப்பவரும், எழும்பும் கட்டடங்களில் சாரத்தின் மேல் நிற்பவரும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களுக்குக் கன்னடம் தடுமாறுகிறது, தமிழ் தெரியாது. அவர்களுக்கு இங்கே பிணை நிற்பார் இல்லை. “இந்த வெளியூர்க்காரர்களை நம்ப முடியாது” என்னும் சொல் நம் இல்லங்களிலும் சிற்சில வேளை கேட்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டனாரைக் குறித்து அதே சொல்லைச் சொல்லாமல் விட்ட யாரோ ஒருவரால் அன்றோ நாம் இன்று இவ்வில்லங்களில் அமர்ந்திருக்கிறோம்?

வந்தவர் பட்ட கடனை அடுத்து வருபவரிடம் அடைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. வாடகைக்கு வீடு கேட்டு வருபவனின் மொழியைக் கேட்டதும் கதவைச் சாத்தாதிருத்தல் ஒன்று. உழைத்த கூலியை உரிய நாளில் முழுமையாகக் கொடுத்தல் ஒன்று. மூட்டை தூக்குபவனுக்கு நிறுவையும் கணக்கும் கற்றுக்கொடுத்து, அவன் ஒருநாள் தனிக்கடை வைக்க விரும்பினால், ‘இவனை நான் அறிவேன்’ என்று மண்டிக்காரரிடம் சொல்லுதல் ஒன்று. இக்கடைசிச் செயல் கடினமானது. அவன் நமக்கே போட்டியாக எதிர்க்கடை வைக்கக்கூடும். நமக்குச் சரக்குத் தந்த மண்டிக்காரருக்கும், நம்மைத் தெருவில் ஏற்ற பத்துக் கடைக்காரருக்கும் அந்த அச்சம் இருந்திருக்கும் அல்லவா? இழப்பு வரலாம் என்று தெரிந்தே நம்பியதால்தான் அவர்கள் தந்தது கடனாயிற்று.

இதனை ஈகை என்று பெயரிட்டுப் பெருமை கொள்ளவும் வேண்டுவதில்லை. ஈகையில் கொடுப்பவர் மேலே நிற்கிறார். பெறுபவர் கீழே நிற்கிறார். கடனைத் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்த உயரம் இல்லை. பெற்றதைத் தருகிறார், அவ்வளவே.

நம் பிள்ளைகளில் பலர் கடைக்கு வரப்போவதில்லை. பொறியியல் படித்துப் பெங்களூருக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் செல்கின்றனர். அதில் வருந்த ஒன்றுமில்லை. ஜெர்மனியிலோ கனடாவிலோ அவர்கள் ஒரு நாள் பெட்டியோடு இறங்கி, வாடகைக்கு அறை கேட்டு நிற்பர். அவர்களுக்கும் யாரோ ஒருவர் கதவைத் திறப்பார். அப்போது தங்கள் பாட்டனாருக்கு மைசூரில் கதவைத் திறந்தவரின் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடை மூடப்படலாம், பெயர்ப்பலகை இறக்கப்படலாம், பழைய பேரேடுகளைச் செல் அரித்துவிடலாம். அவற்றில் எழுதப்படாத இந்தக் கடன் மட்டும் நம் குடும்பங்களில் வாய்மொழியாகவேனும் வழங்கிவர வேண்டும். அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும், நம் கடைவாசலில் இன்று வந்து நிற்கும் புதியவரிடம் அதில் ஒரு பகுதியையேனும் அடைப்பதும் நம் கடன்.